தானியங்கு கியரின் தயக்கமும் பழக்கமும்

பெருந்தெருவின் சந்தியை மெதுவாக அணுகிய சொகுசு ஜீப் வண்டியொன்றின் சாரதி, வாகன வரிசையில் ஓர் இடைவெளியைக் கண்டு ஆர்முடுக்கியை மிதிக்கின்றார். இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட எடையுள்ள வண்டி உடனே விரைவதில்லை. சிறிது தயங்கிப் பின்னர் திடீரெனப் பாய்கின்றது. அத் தயக்கத்தை அற்பமென ஒதுக்குதல் இயலாது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வேறொரு வண்டி ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் தூரத்தைக் கடந்துவிடும். இத் தயக்கம் பழுதா, அமைப்பின் இயல்பா, அன்றி வண்டி கற்றுக்கொண்ட பழக்கமா என ஆராய்தல் பயனுடைத்து.

மோட்டார் எஞ்சின் குறைந்த சுழற்சியில், அச்சைத் திருப்பும் ஆற்றலாகிய முறுக்கத்தைப் போதிய அளவு தருவதில்லை. ஆதலின், எஞ்சினுக்கும் சில்லுகளுக்கும் இடையே கியர்ப்பெட்டி வேண்டியதாயிற்று. சாரதியின் கையுங் காலுஞ் செய்த கியர் மாற்றத்தை இயந்திரத்திடமே ஒப்படைக்கும் முயற்சி நெடிய வரலாறுடையது. அதற்கு அடிப்படையான, திரவத்தின் வாயிலாக வலுவைக் கடத்தும் முறைக்கு ஜேர்மானியப் பொறியியலாளரான ஹேர்மன் பெற்றிங்கர் 1905 ஆம் ஆண்டிலே காப்புரிமை பெற்றார். அவர் கருதியது கப்பல்களையே. பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்பட்ட முதலாவது முழுத் தானியங்கு கியர்ப்பெட்டி, 1939 இல் ஐக்கிய அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபீல் வண்டிகளுக்கென அறிமுகமாயிற்று.

சொகுசு ஜீப் வகைக்கு வழிகாட்டிய பிரித்தானிய ரேஞ்ச் ரோவர் வண்டி, 1970 இல் வெளிவந்தபோது கையால் மாற்றும் நான்கு கியர்களையே கொண்டிருந்தது. மூன்று கியர்களுள்ள தானியங்குப் பெட்டி 1982 இலும், நான்கு கியர்களுள்ளது 1985 இலும் அதற்கு வாய்த்தன. 2012 இல் வெளிவந்த நான்காந் தலைமுறை வண்டியோ எட்டுக் கியர்களை உடையது. கியர்கள் பெருகுந்தோறும் இயந்திரம் எடுக்கவேண்டிய முடிவுகளும் பெருகின என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

இத்தகைய வண்டிகள் பலவற்றில் அமைந்திருப்பது ஜேர்மனியின் இசட்.எவ். கம்பனி ஆக்கிய எட்டுக் கியர்ப் பெட்டியாகும். எஞ்சினை அடுத்து எண்ணெய் நிறைந்த முறுக்க மாற்றி உண்டு. அதனுள்ளே எஞ்சினாற் சுழலும் இதழ்கள் எண்ணெயை எறிய, எதிரேயுள்ள இதழ்கள் அவ்வெண்ணெயின் வேகத்தாற் சுழலும். அதனை அடுத்து நான்கு கோட்பற்சக்கரத் தொகுதிகளும், அவற்றைப் பிணைத்தும் விடுவித்தும் நிற்கும் ஐந்து தட்டுத் தொகுதிகளும் உள்ளன. எந்தக் கியரிலும் இவ்வைந்தில் மூன்று இறுகியிருக்கும். ஏனைய இரண்டு தளர்ந்திருக்கும். அடுத்த கியருக்கு மாறும்போது ஒன்று தளர, மற்றொன்று இறுகும். முதலாங் கியரின் விகிதம் ஏறத்தாழ 4.7, எட்டாங் கியரின் விகிதம் 0.67.

தட்டுகளை இறுக்குவது எண்ணெயின் அமுக்கமே. ஆனால், அமுக்கம் பிறக்குமுன் தட்டுகளுக்குப் பின்னேயுள்ள வெற்றிடம் எண்ணெயால் நிரம்பவேண்டும். தயக்கத்தின் வித்து இங்கேதான் உள்ளது.

சந்தியில் நிகழ்ந்ததை இனி நோக்குவோம். சாரதி காலை எடுத்ததும் எஞ்சினுக்கு எரிபொருள் நிறுத்தப்படுகின்றது. கியர்கள் ஒவ்வொன்றாகக் கீழிறங்குகின்றன. இறக்கம் முடியுமுன்னே ஆர்முடுக்கி அமுக்கப்படின், கணினி தொடங்கிய மாற்றத்தை முடித்தோ கைவிட்டோ ஏற்ற கியரைத் தேரவேண்டும். தட்டுகளுக்குப் பின்னே எண்ணெய் நிரம்பவேண்டும். தட்டுகள் கருகாதிருக்க எஞ்சினின் முறுக்கம் சற்றே குறைக்கப்படவேண்டும். புகைவளியாற் சுழலும் காற்றழுத்தி பூட்டிய எஞ்சினாயின் அதுவும் வேகங்கொள்ளவேண்டும். தனித்தனியே நோக்கின் இவையனைத்தும் செக்கனின் சிறு கூறுகளே. ஒன்றன்மேலொன்றாகச் சேர்ந்தபோதே சாரதி அவற்றைத் தயக்கமென உணர்கின்றார்.

இக் கூறுகளைச் சுருக்கவும் மாற்றத்தை மென்மையாக்கவும் ஏற்பட்டதே பழகும் முறை. அது இருவகைப்படும். முதலாவது, சாரதியின் போக்கை அறிதல். மிதி எவ்வளவு விரைவாக அமுக்கப்படுகின்றது, பிரேக் எவ்வாறு பிரயோகிக்கப்படுகின்றது, வண்டி ஏற்றத்திற் செல்கின்றதா என்பவற்றை அளந்து, கியர் மாறவேண்டிய வேகத்தைக் கணினி கூட்டியுங் குறைத்தும் அமைக்கின்றது. இரண்டாவது, தன் உறுப்புகளை அறிதல். ஒவ்வொரு தட்டுத் தொகுதியும் இறுகுவதற்கு எவ்வளவு எண்ணெய் வேண்டும் என்பதைக் கண்டு, தேய்வுக்கேற்ப அவ்வளவைத் திருத்திக்கொள்கின்றது.

முன்னைய உரிமையாளர் மெதுவாக ஓட்டியமையால் வண்டி சோம்பலைக் கற்றுவிட்டது எனப் பலர் கருதுவர். இக் கருத்து முற்றும் பொருந்துவதன்று. சாரதியின் போக்குப் பற்றிய கணிப்புப் பெரும்பாலும் குறுகிய காலத்தது. புதிய சாரதியின் காலுக்கேற்ப விரைவில் மாறக்கூடியது. நினைவில் நிலைத்திருப்பது உறுப்புகளின் தேய்வு பற்றிய கணிப்பே.

இவ்விரண்டாவது பழக்கம் நன்மையோடு ஒரு தீமையையும் உடன்கொண்டுள்ளது. தட்டுகள் தேயத் தேய, எண்ணெய் பழுதடைய, கணினி அமுக்கத்தைத் திருத்தித் திருத்திக் குறையைச் சாரதிக்குத் தோன்றாதவாறு மறைத்துவிடுகின்றது. திருத்தத்திற்கோர் எல்லை உண்டு. அவ்வெல்லை கடந்ததும் அதிர்வும் நழுவலும் தயக்கமும் ஒருங்கே வெளிப்படும். நேற்றுவரை நலமாயிருந்த வண்டி இன்று பழுதுற்றது எனத் தோன்றினும், பழுது நெடுங்காலமாக வளர்ந்ததாகும். கணினியின் நினைவை அழித்துப் புதிதாகக் கற்பித்தல், எண்ணெயோ உறுப்போ மாற்றிய பின்னர் செய்யவேண்டிய முறையான செயலே. ஆயினும், நினைவை அழித்தமையால் மட்டும் தேய்ந்த தட்டு புதிதாகிவிடாது. ஆயுள் முழுவதற்கும் எண்ணெய் மாற்றவேண்டியதில்லை என வண்டி விற்போர் சிலர் கூறினும், இப் பெட்டியை ஆக்கியோர் 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள் எண்ணெயை மாற்றுமாறு கூறுவது கவனிக்கற்பாலது.

ஆகவே, இயல்பையும் பழுதையும் பிரித்தறிதல் வேண்டும். மெதுவாக உருண்டுவந்து திடீரென மிதிக்கும்போது மட்டும், என்றும் ஒரே அளவிற் தோன்றும் தயக்கம் பெரும்பாலும் அமைப்பின் இயல்பு. புதிதாகத் தோன்றி நாளடைவில் வளர்வதும், எஞ்சினின் சுழற்சி ஏறியும் வண்டி விரையாதிருப்பதும், அதிர்வோடு கூடியதும் பழுதின் குறிகளாம். அவற்றைத் தொழில்நுட்பம் அறிந்தாரிடங் காட்டுதல் தகும். இயல்பான தயக்கத்திற்குச் சாரதியே பரிகாரஞ் செய்யலாம். சந்தியை அணுகுமுன் தாழ்ந்த கியரைத் தாமே தெரிந்துகொள்ளுதல், விரைவோட்டத்திற்குரிய நிலையைப் பயன்படுத்துதல், மிதியைத் திடீரென மோதாது சீராக அமுக்குதல் என்பன அவை. எல்லாவற்றினும் மேலானது, போதிய இடைவெளி வருமளவுங் காத்திருத்தல்.

கியர்ப்பெட்டி சாரதியின் காலை அளக்கின்றது; கருத்தை அறிவதில்லை. சற்றுமுன் அவர் நிறுத்தவே எண்ணினார் என்பதை மிதியிலிருந்து உணர்ந்த இயந்திரம், இப்பொழுது அவர் விரைய எண்ணுகின்றார் என்பதை மிதித்த பின்னரே உணர முடியும். எத்துணைக் கியர்கள் பெருகினும் அவ்விடைவெளி சுருங்குமன்றி முற்றாக மறையாது. சந்தியிலே அதனைக் கணக்கிற் கொள்ளவேண்டிய பொறுப்பு இன்னும் சாரதிக்கே உரியது.