பல கருச் செயலியும் விளையாட்டுக் கணினியும்

"எட்டுக் கரு உள்ளது என்று சொல்லித்தானே விற்றார்கள், ஐயா! விளையாட்டுப் படம் திக்கித் திக்கி நகர்கிறதே!" என்று மாணவன் ஒருவனின் தந்தை என்னிடம் வருந்தினார். மிகைநேர வேலை செய்து சேர்த்த பணத்தில் மகனுக்கு வாங்கிய கணினி அது. அவருக்கு விடையாகவே இதனை எழுதுகிறேன்.

கணினியில் கணக்கிடும் உறுப்பு செயலி ஆகும். 1971இல் இண்டல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் செயலியில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. மறு ஆண்டே அந்நிறுவனம் நம் பினாங்கில் தொழிற்சாலை திறந்தது என்பதையும் மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, ஒரே செயலியை மேன்மேலும் விரைந்து துடிக்கச் செய்வதிலேயே பொறியாளர்கள் முனைந்தனர். 2004இல் பெண்டியம் 4 வினாடிக்கு 380 கோடித் துடிப்பை எட்டியது. ஆயின், எழுந்த வெப்பத்தைச் சமாளிக்க இயலவில்லை. எனவே 2005இல் இண்டலும் ஏஎம்டியும் ஒரே செயலிக்குள் இரு கருக்களை வைத்து வீட்டுக் கணினிகளுக்கு விற்கத் தொடங்கின. கரு ஒவ்வொன்றும் தானே கணக்கிட வல்லது.

அங்ஙனமாயின் எட்டுக் கரு எட்டு மடங்கு விரைவோ? அன்று. பால் வெட்டும் பெற்றோர்க்கு இது எளிதில் விளங்கும். ஒருவருக்குரிய மரங்களை எண்மருக்கு நிரை பிரித்துக் கொடுத்தால் வெட்டு விரைவில் முடியும். ஆனால், வெட்டிய மரத்தைச் சுற்றி எண்மர் நின்றாலும் மங்கில் பால் விரைந்து நிறையுமா? 1967இல் ஜீன் அம்டால் என்னும் அறிஞர் இவ்வுண்மையைக் கணினிக்குப் பொருத்தி எடுத்துரைத்தார். பத்து மணி நேர வேலையில் ஐந்து மணி நேரப் பகுதி பிரிக்க இயலாததாயின், எத்தனை கருக்கள் இருப்பினும் அவ்வேலை ஐந்து மணி நேரத்திற்குள் முடியாது.

விளையாட்டில் பந்து எங்குச் சென்றது என்று கணித்த பின்னரே அது எதில் மோதியது என்று கணிக்கலாம். இத்தகைய வேலையில் பெரும்பகுதி ஓரிரு கருக்களின் மேலேயே விழும். மற்றவை சும்மா இருக்கும்!

படம் தீட்டும் வேலையோ வேறு. குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 எனத் திரையில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. வினாடிக்கு 60 முறை அவற்றிற்கு நிறம் தீட்டவேண்டும். பெரும்பாலும் ஒரு புள்ளி மற்றொன்றுக்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே, நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் சிறு கணிப்பான்கள் கொண்ட வரைகலை அட்டையே இதற்கு ஏற்றது. விளையாட்டுக் கணினி வாங்குவோர் முதலில் கேட்க வேண்டியது இதனையே.

அத்தந்தையின் கணினியைத் திறந்து பார்த்தோம். தாய்ப்பலகையில் அட்டைக்குரிய இடம் வெறுமையாக இருந்தது. மின்வழங்கியின் ஆற்றலும் போதவில்லை. இரண்டையும் புதிதாக வாங்க நேர்ந்தது. மின்கம்பியைப் பிடுங்கி, உலோகப் பெட்டியைத் தொட்டுத் தன் உடலின் நிலைமின்னைப் போக்கிக்கொண்டு, அட்டையைப் பொருத்தியவன் அம்மாணவனே. நான் விளக்கு மட்டும் பிடித்தேன்.