உருவம் ஒன்று, கலம் வேறு: குருதி மாதிரிக்கு ஏன் இத்தனை அவசரம்?

கழுத்தில் வீங்கிய நிணநீர்க் கணுவோடு ஒருவர் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தவர்கள் திரட்டிய நிதியில் எழுந்த புற்றுநோய்ப் பிரிவு அங்கேதான் இருக்கிறது. கணுவில் எடுத்த துண்டை நுணுக்குக்காட்டியில் பார்த்தால், பெரும்பாலும் இருண்ட கருவுள்ள உருண்டைக் கலங்களே தெரியும். அவை நோயெதிர்ப்பு வெண்கலங்களில் பி வகையா, டி வகையா என்று உருவத்தை மட்டும் வைத்து அனுபவசாலியாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மருந்தோ அதில்தான் தங்கியிருக்கிறது. பி கலப் புற்றுநோய்கள் பலவற்றின் மேற்பரப்பில் சிடி20 என்ற புரதம் உண்டு. 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிற்றுக்சிமாப் என்ற மருந்து அதைப் பிடித்துத்தான் வேலை செய்கிறது. அந்தப் புரதம் இல்லாத கலத்தில் அதற்குப் பிடிமானமே இல்லை.

ஆகவே கலத்தின் உருவத்தை விட்டு, மென்சவ்வில் என்ன இருக்கிறது என்று தேட வேண்டும். டி கலத்தில், இலக்கைப் பற்றும் புரதமான அதன் வாங்கியும் கூடவே சிடி3யும் இருக்கும். பி கலத்தில் பிறபொருளெதிரியே வாங்கியாக நிற்கும். உதவி டி கலத்திலுள்ள சிடி4ஐப் பற்றிக்கொண்டுதான் எச்ஐவி உள்ளே நுழைகிறது. அதனால்தான் எச்ஐவி தொற்றியவருக்குச் சிடி4 எண்ணிக்கை பார்க்கிறார்கள். நலமான வளர்ந்தவரில் அது ஒரு மைக்ரோலீற்றர் குருதிக்கு ஏறத்தாழ 500 முதல் 1500 வரை இருக்கும்.

டி கலத்தை இனங்காணும் முதல் வழிகளில் ஒன்றுக்குச் செம்மறியாட்டின் குருதி உதவியது. அதன் செங்கலங்களை மனித வெண்கலங்களோடு கலந்தால், டி கலத்தைச் சுற்றி அவை இதழ்போல ஒட்டிக்கொள்ளும். 1970களில் ஆய்வுகூடங்கள் அந்தப் பூக்களை எண்ணியே டி கலங்களைக் கணக்கிட்டன. ஒட்டுவதற்குக் காரணமான வாங்கி சிடி2 என்பது பிறகுதான் தெரியவந்தது. எளிமையும் துணிவும் கொண்ட அந்த முறை எனக்கு இன்னும் வியப்பளிக்கிறது.

திருப்பம் 1975இல் வந்தது. கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள் ஒரே இலக்கை மட்டும் பிடிக்கும் பிறபொருளெதிரியை வேண்டிய அளவு உருவாக்கும் வழியைக் கண்டார்கள். 1984இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. பிறபொருளெதிரியோடு ஒளிரும் சாயத்தைப் பிணைக்கலாம் என்று அல்பேட் கூன்ஸ் என்ற ஆய்வாளர் 1940களின் தொடக்கத்திலேயே காட்டியிருந்தார். இரண்டும் சேர, கலத்தின் மேற்பரப்பை வாசிக்க முடிந்தது. ஒவ்வொரு ஆய்வுகூடமும் தன் பிறபொருளெதிரிகளுக்குத் தன்பாட்டில் பெயர் வைத்ததால் வந்த குழப்பத்தைத் தீர்க்க, 1982இல் பாரிஸில் கூடியவர்கள் சிடி என்ற எண் வரிசையை ஏற்படுத்தினார்கள்.

இன்று இந்த வாசிப்பைச் செய்யும் பொறி புளோ சைற்றோமீற்றர். குருதியோடு சாயமேற்றிய பிறபொருளெதிரிகளைக் கலந்து இருட்டில் சிறிது நேரம் வைப்பார்கள். செங்கலங்களைக் கரைத்துவிட்டு, மிச்சத்தை மெல்லிய நீரோட்டத்தில் ஒவ்வொரு கலமாக லேசர் கதிரைக் கடக்க விடுவார்கள். சிதறும் ஒளி கலத்தின் பருமனையும் உள்ளே உள்ள மணிகளின் செறிவையும் சொல்லும். ஒளிரும் நிறம், மேலே எந்தப் புரதம் எவ்வளவு உண்டு என்று சொல்லும். ஒரு செக்கனில் ஆயிரக்கணக்கான கலங்கள் கடந்துபோகும்.

ஆனால் பொறி ஏமாறவும் கூடும். சில வெண்கலங்களில் பிறபொருளெதிரியின் வால்பக்கத்தைப் பிடிக்கும் வாங்கிகள் உண்டு. தேடிய புரதம் இல்லாமலே அவை ஒளிரும். இறந்த கலமோ எதையும் ஒட்டிக்கொள்ளும். முன்னதைத் தடுக்க அந்த வாங்கிகளை முதலில் அடைத்துவிடுகிறார்கள். பின்னதற்கு, இறந்தவற்றை இனங்காட்டும் சாயம் ஒன்றைச் சேர்க்கிறார்கள். இந்த இரண்டாவது சிக்கல்தான் யாழ்ப்பாணத்தவருக்கு முக்கியம்.

கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் நிர்ப்பீடனவியல் பிரிவு இத்தகைய சோதனைகளைச் செய்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். அங்கே அனுப்ப வேண்டிய குருதியையோ என்பு மச்சையையோ பொதுவாக 48 மணித்தியாலத்துக்குள் பரிசோதிப்பது நல்லது; தாமதித்தால் கலங்கள் இறந்துவிடும். அதை உறையவைக்கக் கூடாது, வெயிலில் கிடக்கவும் விடக்கூடாது. 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் ஏ9 வீதி போரால் மூடப்பட்டபோது துண்டிக்கப்பட்டவற்றில் இப்படியான மருத்துவத் தொடர்புகளும் அடங்கும். இன்று வீதியும் ரயிலும் உண்டு. ஆயினும் வெள்ளிக்கிழமை பிற்பகல் எடுத்த மாதிரி வார இறுதியில் எங்காவது தங்கினால், வைத்தியரின் உழைப்பும் நோயாளர் பட்ட வலியும் வீண். மாதிரி எடுக்கும் நேரத்தைப் போக்குவரத்தின் நேரத்தோடு சேர்த்தே திட்டமிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கணுத் துண்டுக்கு இந்த அவசரம் குறைவு. அதைப் போர்மலினில் பதப்படுத்தி மெழுகில் பதித்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் இருக்கும், எவ்வளவு தூரமும் போகும். அதிலிருந்து சில மைக்ரோன் தடிப்பில் சீவி, சூடாக்கி, நொதியம் பிணைத்த பிறபொருளெதிரியை இட்டால், தேடும் புரதம் உள்ள இடம் கபில நிறமாகும். கலம் திசுவில் எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். ஒரு சீவலில் வழக்கமாக ஒரு புரதத்தைத்தான் பார்க்கலாம் என்பது குறை. கட்டி உள்ளவருக்கு இந்த வழி பெரும்பாலும் போதும். குருதிப் புற்றுநோய் சந்தேகிக்கப்படும் பிள்ளைக்கோ புதிய மாதிரியே வேண்டும்.

குடும்பத்தவர் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. இழுப்புக்கோ வீக்கத்துக்கோ கொடுக்கும் பிரெட்னிசொலோன் போன்ற ஸ்ரீரொயிட் மருந்துகள் நிணநீர்ப் புற்றுநோய்க் கலங்களை வேகமாக அழித்து, சோதனையில் எதுவும் அகப்படாமல் செய்துவிடக்கூடும். அண்மையில் அவற்றை எடுத்திருந்தால், மாதிரி எடுப்பதற்கு முன்பே வைத்தியரிடம் சொல்லுங்கள்.