பம்ப்பு மேல் பழி போடும் முன்

"செல்ஃப் அடிக்குதுண்ணே, ஸ்டார்ட் ஆகல. பம்ப்பு போச்சுபோல." சென்னையை அடுத்த ஊரப்பாக்கத்தில் ஜிஎஸ்டி சாலையோரம் நான் நின்றிருந்த பட்டறையில், வேன் டிரைவர் ஒருவர் சொன்னது இது. மெக்கானிக் பதில் சொல்லவில்லை. நான்கு சின்ன பாட்டில்களை எடுத்து வந்தார்.

அந்தப் பாட்டில்கள் எதற்கு என்று புரிய, பம்ப்பின் வேலை தெரிய வேண்டும். கார் டயரில் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 2 பார். இன்றைய டீசல் வண்டியின் உயரழுத்தப் பம்ப்பு 1,600 பாருக்கும் மேல் தள்ளுகிறது. அந்த அழுத்தத்தில் டீசல் கசியாமலிருக்க, உள்ளே ஏறி இறங்கும் பிளஞ்சருக்கும் அதைச் சுற்றிய பேரலுக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இராது.

பாஷ் நிறுவனம் டீசல் பம்ப்பைத் தொழிற்சாலையில் செய்யத் தொடங்கியது 1927-இல். 1951-இல் இந்தியாவில் பாஷ் பம்ப்பு செய்யும் மைக்கோ நிறுவனம் தொடங்கியது. மூத்த மெக்கானிக்குகள் இன்றும் 'மைக்கோ பம்ப்பு' என்றுதான் சொல்வார்கள். அந்தப் பழைய வரிசைப் பம்ப்பில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிளஞ்சரும் பேரலும் சேர்ந்த தனி எலிமென்ட். அதில் ஒன்று தேய்ந்தால் அந்தச் சிலிண்டர் மட்டும் மிஸ் அடிக்கும். இப்போதுள்ள காமன் ரெயிலில் பம்ப்பு அழுத்தம் ஏற்றுவதோடு சரி. ரெயில் என்ற குழாயில் டீசல் காத்திருக்கும், இன்ஜெக்டர் அதை எப்போது பீய்ச்சுவது என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். ஆகவே காமன் ரெயில் வண்டியில் ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் அடித்தால் பம்ப்பைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. பம்ப்பு சோர்ந்தால் எல்லாச் சிலிண்டரும் சேர்ந்தே சோரும்.

வண்டி கிளம்ப, செல்ஃப் அடிக்கும்போதே ரெயிலில் ஏறத்தாழ 200 பார் வர வேண்டும் (எஞ்சினுக்கு எஞ்சின் இது கொஞ்சம் மாறும்). ஸ்கேனரில் பார்த்தபோது இந்த வேனில் அது வரவில்லை. அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். பம்ப்புக்கு டீசலே வராதது, வந்தும் பம்ப்பு ஏற்றாதது, ஏற்றியது வேறெங்கோ வழிந்துபோவது. முதலாவதற்கு, பம்ப்புக்கு வரும் வழியில் கண்ணாடிபோல் தெரியும் குழாயைப் போட்டுப் பார்த்தார். காற்றுக் குமிழி இல்லாமல் டீசல் சீராக வந்தது. மூன்றாவதற்குத்தான் பாட்டில்கள். இன்ஜெக்டர் ஒவ்வொன்றிலிருந்தும் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் டீசலை ஒரு பாட்டிலில் பிடித்தார். செல்ஃப் அடித்தபோது மூன்று பாட்டில்களில் அடியில் கொஞ்சம்தான் சேர்ந்தது. மூன்றாம் இன்ஜெக்டரின் பாட்டில் மட்டும் மளமளவென்று நிரம்பியது. பம்ப்பு உழைத்ததெல்லாம் அந்த ஓட்டை வழியே போயிருக்கிறது.

இந்தச் சோதனையைச் செய்யாமல் பம்ப்பைக் கழற்றிப் புதியதை விற்றுவிடுவது எத்தனை குடும்பங்களின் சேமிப்பைக் கரைக்கிறது என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

உண்மையிலேயே பம்ப்பு போவதும் உண்டு. அதற்குத் தனியாக ஆயில் கிடையாது, பெரும்பாலான காமன் ரெயில் பம்ப்புகளில் டீசல்தான் உராய்விலிருந்து காக்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபோது டீசலில் கந்தகம் 50 பிபிஎம்மிலிருந்து 10-ஆகக் குறைந்தது, நல்லதுதான். கந்தகத்தை எடுக்கும்போது வழுவழுப்பும் குறைவதால் சுத்திகரிப்பு ஆலையிலேயே அதற்கான மருந்தைச் சேர்க்கிறார்கள். மண்ணெண்ணெய் கலந்தாலோ தண்ணீர் புகுந்தாலோ அந்தப் பாதுகாப்பு போய்விடும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த நம் பகுதியில், தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யும் முன் ஃபில்டரின் அடியிலுள்ள தண்ணீரை வடித்துவிடுங்கள்.

பம்ப்பு தேய்ந்ததற்குச் சாட்சி ஃபில்டரிலும், பம்ப்புக்குள் போகும் டீசலை அளந்து விடும் மீட்டரிங் வால்விலும் கிடைக்கும். வால்வைக் கழற்றி வெள்ளைத் துணியில் துடைத்தால் ஜிகினாத் தூள்போல் மின்னும். அது பம்ப்பின் சொந்த உலோகம். ரெயில், இன்ஜெக்டர், ரிட்டர்ன் குழாய், டேங்க் வரை அது போயிருக்கும். புதுப் பம்ப்பை மட்டும் மாட்டினால் பழைய தூள் அதையும் தின்றுவிடும். மெக்கானிக் டேங்கை இறக்க வேண்டும் என்றால் செலவைப் பார்த்துத் தடுக்காதீர்கள்.

எஞ்சின் ஓடும்போது கசிவைக் கையால் தடவிப் பார்க்க மட்டும் யாரையும் விடாதீர்கள். ஒரு அட்டையை நீட்டிப் பார்த்தால் போதும். அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே குண்டூசி குத்தியதுபோல ஒரு புள்ளிதான் தெரியும். வலி இல்லாவிட்டாலும் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் ஏறியிருக்கிறது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்.