பாட்டரி மாற்றிய படலம்

சென்ற மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு நாமும் நம் குடும்பத்தாரும் தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்குப் பிரயாணப்பட ஆயத்தமாயிருந்தோம். உறவினர் வீட்டில் சீமந்தம். வளையல் தட்டு, பூக்கூடை, புளியோதரைப் பாத்திரம் எல்லாம் காரில் ஏறியாகிவிட்டது. சாவியைத் திருப்பினோம். "டக், டக், டக்" என்று மூன்று முறை சப்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. முகப்பு விளக்குகள் எண்ணெய் வற்றிய அகலைப்போல் மங்கி அணைந்தன.

"இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு ரஸாயனம் சொல்லிக் கொடுக்கிறீர்களே! இந்தப் பெட்டிக்கு என்ன கோளாறு என்று தெரியவில்லையா?" என்று நம் இல்லத்தரசி கேட்டாள்.

கேள்வி நியாயமானதுதான். பாட்டரிக்குள் ஈயமும் கந்தகத் திராவகமும் சேர்ந்து என்ன செய்கின்றன என்பதைக் கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறோம். ஆனால், ஒரு பாட்டரியின் திருகைக் கையால் தொட்டுத் திருப்பியதில்லை. அன்று பஸ் ஏறிச் சென்று சீமந்தத்தை நடத்திவிட்டு வந்தோம். வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. "இந்த முறை நம் கையாலேயே இதைச் செய்து பார்த்துவிடுவது" என்று தீர்மானித்தோம்.

நம்மிடம் பத்தாம் வகுப்பில் படித்த பிள்ளை ஒருவர் இப்போது மோட்டார்ப் பட்டறை வைத்திருக்கிறார். சொல்லியனுப்பியதும் மாலையில் வந்தார். ஸ்பானரை நம் கையில் கொடுத்துவிட்டு, "நீங்கள் செய்யுங்கள், ஸார், நான் பக்கத்தில் நிற்கிறேன்" என்றார். பழைய மாணாக்கரிடம் பாடம் கேட்கும் பாக்கியம் எல்லா உபாத்தியாயர்களுக்கும் கிடைப்பதில்லை. நமக்குக் கிடைத்தது.

முதற் பாடம், உடனே கடைக்கு ஓடக்கூடாது என்பது. கார் கிளம்பாவிட்டால் குற்றம் எப்போதும் பாட்டரியுடையது அல்ல. முனைகளைப் பற்றியிருக்கும் பிடிகள் தளர்ந்திருக்கலாம். அல்லது அவற்றின்மேல் வெண்மையும் பசுமையுமாகப் பொடி பூத்து மின்சாரத்தைத் தடுக்கலாம். அவற்றைப் பார்த்த பிறகுதான் மீட்டரை வைத்து அளக்க வேண்டும். இரவு முழுவதும் ஓய்ந்திருந்த நல்ல பாட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிச் சக்திதான் மிஞ்சியிருக்கிறது. 12-க்கும் கீழே இறங்கினால் காலியாகிவிட்டது என்று பொருள். நம்முடையது 11.4 காட்டியது.

"காலியானதெல்லாம் செத்ததல்ல, ஸார்" என்றார் அவர். விளக்கை அணைக்க மறந்தாலும் காலியாகும். ஆகவே பட்டறைக்கு எடுத்துச் சென்று இரவு முழுவதும் மின்சாரம் ஏற்றிக் கொண்டுவந்தார். கார் கிளம்பியது. இஞ்சின் ஓடும்போது மீட்டர் 14.1 காட்டியது. பெரும்பாலான கார்களில் இந்த எண் 13.5-க்கும் 14.5-க்கும் இடையில் இருக்க வேண்டுமாம். குறைந்தால், பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டரில் கோளாறு. புதுப் பாட்டரி போட்டாலும் அதுவும் பட்டினி கிடந்து சாகும். நம் காரில் ஊட்டுவதில் குறையில்லை, உண்பதில்தான் குறை. மறுநாள் காலை மீண்டும் "டக், டக்" என்றது. வாங்கி நான்கு வருஷங்களுக்கு மேலாகிவிட்டது. உஷ்ணம் பாட்டரிக்குச் சத்துரு. நம் பக்கத்து வெயிலில் மூன்று, நான்கு வருஷம் உழைத்தாலே அது தன் கடனைத் தீர்த்துவிட்டதாகக் கொள்ளலாம்.

இந்தப் பெட்டியின் வம்சம் பழமையானது. காஸ்டன் பிளான்டே என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி 1859-ஆம் ஆண்டில் ஈயத் தகடுகளைத் திராவகத்தில் அமிழ்த்தி, மின்சாரத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கக்கூடிய முதற் பாட்டரியை அமைத்தார். இன்றைய பாட்டரியும் அதன் வழித்தோன்றலே. உள்ளே ஆறு அறைகள்; ஒவ்வொன்றும் 2.1 வோல்ட், ஆறையும் பெருக்கினால் 12.6. ஆதியில் இரும்புக் கைப்பிடியைச் சுழற்றித்தான் காரைக் கிளப்பினார்கள். அந்தப் பிடி திருப்பியடித்து மணிக்கட்டு முறிந்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்சாரக் கிளப்பி 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் வந்த பிறகே அந்தத் தொல்லை நீங்கத் தொடங்கியது.

நிற்க. புதுப் பாட்டரி வாங்கும்போது அளவு, ஆம்பியர்-மணி, சிவப்பு முனை இடப்புறமா வலப்புறமா என்ற மூன்றும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். முனை பக்கம் மாறியிருந்தால் கம்பி எட்டாது. வாங்கி வந்தோம். இஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, மூடியைத் தூக்கி, ஆர்வ மிகுதியால் ஸ்பானரை நேராகச் சிவப்பு முனையில் வைத்தோம்.

"ஸார்!" என்று ஒரு கூப்பாடு. அவர் நம் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"முதலில் கறுப்பு. கைமோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றி உள்ளே வைத்துவிட்டு வாருங்கள்."

காரணத்தை அவர் சொன்னபோது, நாம் அறிந்திருந்தும் அறியாதிருந்த விஷயம் அது என்று விளங்கியது. காரின் இரும்பு உடல் முழுவதும் கறுப்பு முனையோடு சேர்க்கப்பட்டிருக்கிறது. கறுப்பு இணைந்திருக்கும்போது சிவப்பைத் திருகும் ஸ்பானர், காரின் உடலில் எங்கேனும் பட்டுவிட்டால், பாட்டரியின் இரு முனைகளையும் ஓர் இரும்புத் துண்டால் இணைத்ததற்குச் சமம். நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் அதன் வழியே பாயும், பொறி பறக்கும். பாட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு கசிந்திருந்தால் அந்தப் பொறி போதும். பெட்டி வெடித்துத் திராவகம் முகத்தில் தெறிக்கும். கறுப்பை முதலில் கழற்றிவிட்டாலோ, பிறகு சிவப்பிலுள்ள ஸ்பானர் உடலில் பட்டாலும் மின்சாரத்துக்குத் திரும்பிப் போக வழியில்லை. பூட்டும்போது இதே காரணத்தால் வரிசை தலைகீழாகும்: சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில்.

கல்யாணத்துக்குக் கடைசியில் வந்து, முதற் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டு முதலில் கிளம்பும் பெரிய மனிதர்கள் உண்டல்லவா? கறுப்புக் கம்பி அந்த ரகம் என்று நினைவில் வைத்துக்கொண்டால் நேயர்கள் ஒரு நாளும் தவற மாட்டார்கள்.

கறுப்பைக் கழற்றி, முனையைத் தொடாதபடி துணி சுற்றி ஒதுக்கினோம். அடுத்துச் சிவப்பு, அதன் பின் பெட்டியை அழுத்திப் பிடித்திருந்த தளை. பத்துக் கிலோவுக்குக் குறையாத கனம். சாய்க்காமல், முதுகை வளைக்காமல், நேராகத் தூக்கினோம். அடித்தட்டிலும் பிடிகளிலும் பூத்திருந்த பொடியின்மேல், கையுறையோடு, வெந்நீரில் கரைத்த ஆப்பசோடாவை விட்டதும் அது நுரைத்துப் பொங்கியது. அமிலமும் காரமும் கூடும் அந்தக் காட்சியைப் பரிசோதனைக் குழாயில் ஆயிரம் முறை காட்டியிருக்கிறோம். நம் வீட்டு வாசலில் கண்டது அதுவே முதல் தடவை. நன்றாகத் துடைத்து உலர்த்தி, புதியதை இறக்கித் தளையை இறுக்கி, சிவப்பையும் பிறகு கறுப்பையும் பூட்டி, முனைகளின்மேல் சிறிது வாஸலின் தடவினோம். இருபது நிமிஷ வேலை. சாவியைத் திருப்பியதும் இஞ்சின் உறுமியது. காரிலுள்ள கடிகாரம் மட்டும் காலத்தை மறந்திருந்தது, அதைத் திருத்தினோம்.

ஓர் எச்சரிக்கை. சிக்னலில் நின்றால் தானே அணைந்து தானே கிளம்பும் புதுவிதக் கார்களுக்குத் தனி ரகப் பாட்டரி வேண்டும். அவற்றிற் பலவற்றில் புதுப் பாட்டரி வந்ததைக் காரின் கணினிக்குத் தெரிவிக்கவும் வேண்டும். அதைப் பட்டறையில் விடுவதே உத்தமம். மின்சாரக் கார்களை ஓட்டும் பெரிய பாட்டரியின் பக்கம் நாம் கையே நீட்டக்கூடாது.

படலம் இத்துடன் முடியவில்லை. பழைய பாட்டரி திண்ணையோரத்தில் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்தபோது நமக்கு ஒரு பழைய குற்றம் நினைவுக்கு வந்தது.

நான்கு வருஷங்களுக்கு முன், இதற்கு முந்தைய பாட்டரியை வாசலில் வந்த பழைய இரும்பு வியாபாரியிடம் விற்றோம். பணத்தை எண்ணிக் கொடுத்தார். தெருக்கோடிக்குச் சென்றதும், கனம் குறையட்டும் என்று பெட்டியைக் கவிழ்த்துத் திராவகத்தைச் சாக்கடையில் கொட்டினார். பத்தடி தூரத்தில் குழந்தைகள் கோலி ஆடிக்கொண்டிருந்தார்கள். நாம் பார்த்துக்கொண்டு நின்றோம். ரஸாயன உபாத்தியாயரான நாம், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பாட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் விஷம் அது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே தெரியவில்லை என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். செனகல் நாட்டின் தலைநகரான டாக்காரை அடுத்துத் தியாரோய்-ஸுர்-மேர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஜனங்கள் பிழைப்புக்காகப் பழைய பாட்டரிகளை உடைத்தும், ஈயம் கலந்த மண்ணைச் சலித்தும் வந்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அந்த ஊரில் 18 குழந்தைகள் ஈய விஷத்தால் இறந்தார்கள். உலகத்துக் குழந்தைகளில் மூவரில் ஒருவர், ஏறக்குறைய 80 கோடிப் பேர், இரத்தத்தில் தீங்கு தரும் அளவு ஈயத்தைச் சுமக்கிறார்கள் என்று யூனிஸெப் ஸ்தாபனம் 2020-ஆம் ஆண்டில் அறிவித்தது. தக்க பாதுகாப்பின்றிப் பாட்டரிகளை உடைத்து உருக்குவது அதற்கு ஒரு முக்கிய காரணம். முறையான ஆலையிலோ, அதே ஈயத்தை மீட்டு மறுபடியும் பாட்டரியாகவே வார்க்கலாம். பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெற்று மீட்கும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் சுமத்தி இந்திய சர்க்கார் 2022-ஆம் ஆண்டில் விதிகளும் வகுத்திருக்கிறது. ஆனால் விதி நம் வாசற்படி வரையில்தான் வரும். வாசற்படியில் நிற்பவர் நாம்.

பாட்டரி மாற்றிய மறுநாளும் ஒரு பழைய இரும்பு வியாபாரி வந்தார். கடைக்காரர் கழித்துக்கொள்வதாகச் சொன்ன தொகையைவிட ஐம்பது ரூபாய் கூடுதலாகத் தருவதாகச் சொன்னார். அவர்மேல் நமக்குக் கோபமில்லை. திராவகத்தில் வேகும் கை அவருடையதுதான். "இல்லை, ஐயா, இதைக் கடைக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன்" என்றோம். பெட்டியை நிமிர்த்தி, சாயாதபடி காரில் வைத்துக் கடையில் சேர்த்து ரசீது வாங்கினோம்.

நம் இல்லத்தரசி அந்த ரசீதை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஐம்பது ரூபாய் நஷ்டம்" என்றாள். பிறகு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். கோலி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒன்றும் சொல்லாமல் ரசீதை மடித்துப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்தாள்.