கச்சேரி ஒலிப்பதிவுகளை ஒப்புநோக்குதல்

ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடங் கொள்ளும் முறையை நம் மாணவர் அறிவர். பிழை களைந்து, ஆசிரியன் எழுதிய மூலபாடத்தைக் காண்பதே ஆண்டு நோக்கம். ஒரே பாட்டின் பல கச்சேரிப் பதிவுகளை ஒப்பிடுவோனுக்கோ தேடத்தக்க மூலபாடம் இல்லை. ஒவ்வோர் இரவிற் பிறந்ததும் ஒவ்வொரு மூலமே. ஆயின், அங்கே தரங் காண்பது எங்ஙனம்? மேனாட்டு றொக் இசைக்குழுவொன்றைக் கொண்டு இதனை விளக்க முயல்வாம்.

அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில் 1965இல் தோன்றிய ‘கிறேற்புல் டெட்’ என்னுங் குழு, கிற்றார்க் கலைஞர் ஜெறி கார்சியா 1995இல் காலமாகும்வரை, 2,000க்கு மேற்பட்ட கச்சேரிகளை நிகழ்த்தியது. மேடையிலேயே பாட்டை விரித்துச் செல்லும் மனோதர்மமே அதன் உயிர். பதிவு செய்யும் இரசிகர்க்கென 1984இல் சபையில் தனியிடமும் ஒதுக்கினர். பதிவுகளை விற்றலாகாது, தம்முள் மாற்றிக்கொள்ளலாம் என்பது வழக்கு. அதனால் அக்கச்சேரிகளுட் பெரும்பாலானவை இன்றுங் கேட்கக் கிடைக்கின்றன.

‘டார்க் ஸ்ரார்’ என்னும் பாட்டை நோக்குவோம். 1968இல் இசைத்தட்டாக வெளிவந்தபோது அது மூன்று நிமிடமும் நீடிக்கவில்லை. 1969 பெப்ரவரி 27இல், சான்பிரான்சிஸ்கோவின் பில்மோர் வெஸ்ற் மண்டபத்தில், அதுவே ஏறக்குறைய 23 நிமிடமாயிற்று. 1972 ஓகஸ்ற் 27இல், ஒறிகன் மாநிலத்து வெனீற்றாவில், கடும் வெயிலிலே, 30 நிமிடங் கடந்தது. நீளத்தை அளப்பதோடு அமைந்தால் ஒப்பீடு ஆகாது. முன்னதில் தாளக் கலைஞர் இருவர். உடன் ஒலிப்பது ஓர்கன். பின்னதில் தாளத்துக்கு ஒருவரே. ஓர்கன் இருந்த இடத்திற் பியானோ. அதனால் நடை மாறி, ஜாஸ் இசையின் சாயல் மிகுந்தது. முன்னது அலைந்து திரிந்து, பாட்டின் அடிகளுக்கு மீண்டு, ‘சென்ற் ஸ்ரீபன்’ பாட்டுக்கு வழிவிடுகின்றது. பின்னதோ ‘எல் பாசோ’ என்னும் மாட்டிடையர் கதைப்பாட்டிற் போய்ச் சேர்கின்றது. புறப்பட்ட இடம் ஒன்றே. சென்ற வழியும் சேர்ந்த ஊரும் வேறு.

இனி, ஓர் எச்சரிக்கை. ஒலிக்கலவைக் கருவியிலிருந்து நேரே எடுத்த பதிவில் வாத்தியங்கள் தனித்தனி தெளிவுறும். சபையிலிருந்து எடுத்ததில் மண்டபத்தின் முழக்கமுங் கரகோஷமுங் கலந்து வரும். பதிவின் தெளிவை வாசிப்பின் சிறப்பென மயங்குதல் எளிது. 1977 மே 8இல் கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த கச்சேரி மிகு புகழ் வாய்ந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலும் இடம்பெற்றது. அப்புகழ் வாசிப்பால் வந்ததென்பாரும், பெற்றி கன்ரர் என்னும் அம்மையார் செய்த பதிவின் தெளிவால் வந்ததென்பாரும் உளர்.

ஆதலின், ஒப்புநோக்குவோன் மூன்றை வினவுதல் வேண்டும். பதிவு எங்கிருந்து எடுக்கப்பட்டது? அன்று வாசித்தோர் யாவர்? ஒருவர் புதியதொன்றைத் தொடங்கியபோது ஏனையோர் அதனைச் செவிமடுத்து விடையிறுத்தனரா? முதலிரண்டும் பிறர் சொல்ல அறியலாம். மூன்றாவதைத் தன் செவியாலன்றி அறிதல் இயலாது. பிறர் புகழ்ந்ததைப் புகழ்ந்து பழகியவனுக்கு, மங்கிய பதிவொன்றில் மறைந்து கிடக்கும் நல்லிரவு என்றும் அகப்படாது.

மனோதர்மத்தில் எல்லா இரவும் ஏற்றமாகா. தடுமாறிய இரவையுங் கேட்டவனுக்கே, கைகூடிய இரவின் அருமை புலப்படும். பட்டியலை நம்பாது, இரண்டு பதிவுகளை அருகருகே வைத்துப் பொறுமையுடன் கேட்குமாறு நம் மாணவர்க்குக் கூறி அமைகின்றோம்.