எஃகில் கலந்த செம்பு

நூறு கிலோ எஃகில் முந்நூறு, நானூறு கிராம் செம்பை அளந்து சேர்த்தால் பாலத்தின் ஆயுள் கூடும். அதே செம்பு கார் கதவுக்கான தகட்டில் தெரியாமல் கலந்தால் அந்தத் தகடு வீண்.

சாதாரண இரும்பில் ஏறும் துரு பொருக்குப் பொருக்காக உதிரும். உதிர்ந்த இடத்தில் வெளிப்படும் இரும்பையும் ஈரம் தின்னத் தொடங்கும். செம்போடு குரோமியம், பாஸ்பரஸ் ஆகியவற்றையும் சிறிது சேர்த்தால் துரு நெருக்கமாகப் படிந்து உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். நனைந்தும் காய்ந்தும் சில ஆண்டுகளில் இறுகும் அந்தப் படலமே அடியிலுள்ள எஃகுக்குக் காவல். 1933-ல் அமெரிக்காவின் யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் இவ்வகை எஃகை 'கார்-டென்' என்ற பெயரில் அறிமுகப்படுத்தியது. முதலில் ரயில் வேகன்களுக்குப் போன அந்த எஃகை, இல்லினாய் மாநிலத்தில் 1964-ல் திறக்கப்பட்ட ஜான் டியர் டிராக்டர் நிறுவனத்தின் தலைமையகத்துக்கு வண்ணம் பூசாமலே பயன்படுத்தும்படி வடிவமைத்திருந்தார் கட்டடக் கலைஞர் ஈரோ சாரினென். பெரம்பூர் ஐ.சி.எஃப். ஆலையிலும் இவ்வகை எஃகில் ரயில் பெட்டிகள் உருவாயின. கடலோரத்தில் மட்டும் இதை வண்ணமில்லாமல் விடக்கூடாது. உப்புக்காற்று அந்தப் படலத்தை இறுக விடாது.

செம்பால் வரும் சிக்கல் உருளை ஆலையில் தொடங்குகிறது. தகடாக உருட்ட எஃகைச் சுமார் 1,200 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றுவார்கள். மேற்பரப்பிலுள்ள இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து செதிலாகிவிடும். அவ்வளவு எளிதில் ஆக்சிஜனோடு சேராத செம்பு, செதிலுக்கு அடியில் திரளும். அதன் உருகுநிலையோ 1,085 டிகிரிதான். உருகிய செம்பு இரும்புப் படிகங்களின் இடுக்குகளில் இறங்க, உருளைகளின் அழுத்தத்தில் எஃகின் மேற்பரப்பு வெடிக்கிறது. செம்பை வேண்டுமென்றே சேர்க்கும் ஆலைகள் கூடவே நிக்கலையும் சேர்த்து இதைத் தடுக்கின்றன.

அழையாமல் வரும் செம்புக்கு அந்த ஏற்பாடு இல்லை. பழைய கார்களை நசுக்கி அப்படியே உலையில் போட்டால் வயரிங்கும் மோட்டார் சுருள்களும் சேர்ந்தே உருகும். ஆக்சிஜனைச் செலுத்தினால் கார்பனும் சிலிக்கானும் எரிந்து விலகும். செம்புக்கு முன் இரும்பே எரிந்துவிடும் என்பதால் செம்பு தங்கிவிடும். குழம்பில் கூடிப்போன உப்பைப் போல, செம்பில்லாத இரும்பை மேலும் சேர்த்து நீர்க்கச் செய்வதுதான் ஆலைகளின் வழி. கட்டுமானக் கம்பி ஓரளவு செம்பைத் தாங்கும்; மெல்லிய தகடு தாங்காது. பிரிக்காமல் உருக்கினால் ஒவ்வொரு மறுசுழற்சியிலும் செம்பு ஏறிக்கொண்டே போகும்.

பழைய இரும்பை உருக்கி எஃகு எடுத்தால், தாதுவிலிருந்து எடுப்பதைவிடக் கரியுமிழ்வு வெகுவாகக் குறையும். அந்தப் பலன் நிலைக்க, பிரிக்கும் வேலை உலைக்கு முன்பே முடிய வேண்டும். காயலான் கடையில் மோட்டாரைப் பிளந்து செம்புச் சுருளை உருவும் தொழிலாளி, நாளைய எஃகின் தரத்தையும் காக்கிறார். அவருக்கு நியாயமான கூலியும் கையுறையும், வயரை எரிக்காமல் உரிக்கும் இயந்திரமும் கிடைக்க வேண்டும். வாகனங்களை நசுக்குமுன் வயரிங்கையும் மோட்டார்களையும் கழற்றியாக வேண்டும் என்பதை எல்லாக் கழிப்பு மையங்களிலும் கறாராக நடைமுறைப்படுத்த வேண்டும். உலைக்குள் போன செம்பை எடுக்க ஆலையில் இன்று வழியில்லை; வெளியே அதற்கு ஒரு திருப்புளி போதும்.