நீரிழிவுப் பாதமும் மருத்துவக் காப்பீடும்

ஹைதராபாதின் கிழக்கே, தார்நாகாவுக்கும் உப்பலுக்கும் இடையே அமைந்துள்ள ஹப்சிகுடா, அறிவியல் நிறுவனங்களுக்குப் பெயர்பெற்ற பகுதியாகும். தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனமும், உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் இங்குள்ளன. குன்னூரில் 1918-இல் சிறு ஆய்வுப் பிரிவாகத் தோன்றி, 1958-இல் ஹைதராபாதுக்கு வந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அண்மையில் உள்ள தார்நாகாவில் இயங்குகிறது. சற்றுத் தொலைவில் நாச்சாரம் தொழிற்பேட்டை. ஆராய்ச்சியாளரும் தொழிலாளரும் அருகருகே வாழும் இப்பகுதியில் பணி நிமித்தம் சில ஆண்டுகள் தங்கியிருந்தபோது, ஆட்டோ ஓட்டுநர் ஒருவரை அறிய நேர்ந்தது. நீண்ட நாள் நீரிழிவு நோயாளியான அவர், மே மாத வெயிலில் தார்ச்சாலையில் வெறுங்காலுடன் சிறிது தூரம் நடந்தார். பாதத்தில் ஏற்பட்ட கொப்புளத்தை அவர் உணரவில்லை. சில வாரங்களில் ஒரு விரலும், பின்னர் முழங்காலுக்குக் கீழே காலும் நீக்கப்பட்டன. மருத்துவமனைச் செலவு முழுவதையும் காப்பீட்டு அட்டை ஏற்றது. அவர் ஒரு ரூபாயும் தரவில்லை. ஆனால் அதற்கு ஆறு மாதங்களுக்கு முன் அவருக்குப் பரிந்துரைக்கப்பட்ட சிறப்புக் காலணியையும், மாதந்தோறும் பாதத்தைக் காட்டிச் செல்லும் செலவையும் எந்த அட்டையும் ஏற்கவில்லை. அவர் காலணியை வாங்கவுமில்லை.

இது ஒருவருடைய துரதிருஷ்டம் மட்டுமன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 10.1 கோடி மக்களுக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. இந்நோய் நீடிக்கும்போது பாதத்தின் நரம்புகள் உணர்விழக்கின்றன. இரத்த ஓட்டமும் குறையலாம். முள் குத்தினாலும் செருப்பு கடித்தாலும் வலிப்பதில்லை. வலி இல்லாததால் நோயாளி தொடர்ந்து நடக்கிறார், காய்ப்பு புண்ணாகிறது, புண்ணில் தொற்று ஏறுகிறது. நீரிழிவு நோயாளிகளின் கால் நீக்க அறுவைகளில் ஏறத்தாழ 85 விழுக்காடு, முன்னரே இருந்த ஒரு புண்ணின் தொடர்ச்சியே என மருத்துவ நூல்கள் கூறுகின்றன. எனவே புண்ணைத் தடுத்தால் பெரும்பாலும் காலைக் காக்கலாம்.

தடுக்கும் முறையும் எளியதே. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வு உள்ளதா எனச் சோதிக்கலாம். காய்ப்பை உரிய முறையில் சீவி எடுப்பதும், அழுத்தத்தைப் பரப்பும் மென்மையான காலணியும் மீதியைச் செய்யும். இவ்வகைக் காலணியின் வரலாறு நமக்கு அயலானதன்று. 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளியின் விரல்கள் அழுகி விழுவதில்லை, உணர்வற்ற பாதத்தின் காயங்களாலேயே அழிகின்றன எனக் காட்டினார். நுண்துளை ரப்பரால் ஆன செருப்பு அவருடைய பணியோடும் கரிகிரி தொழுநோய் மையத்தோடும் இணைந்து வளர்ந்தது. அந்தச் செருப்பே இன்று நீரிழிவுப் பாதத்திற்கும் துணைநிற்கிறது.

ஆகவே குறை மருத்துவ அறிவில் இல்லை. பணம் செலுத்தும் முறையிலேயே உள்ளது. 1986-இல் பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் கொணர்ந்த மெடிக்ளெய்ம் திட்டம், மருத்துவமனையில் அனுமதிக்கப்படுவதையே இழப்பின் அடையாளமாகக் கொண்டது. ஏழை மக்களுக்கென ஆந்திரப் பிரதேசம் 2007 ஏப்ரலில் தொடங்கிய ஆரோக்கியஸ்ரீ திட்டமும், 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி ஜன ஆரோக்கிய திட்டமும் அடிப்படையில் இதே அளவுகோலையே ஏற்றன. பின்னதில் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. ஆனால் அனுமதிக்கு முந்தைய 3 நாட்களும் பிந்தைய 15 நாட்களும் நீங்கலாகப் புறநோயாளிச் செலவு அதில் அடங்காது. தெலங்கானாவில் ஆரோக்கியஸ்ரீயின் வரம்பு 2023 டிசம்பரில் 10 லட்சமாக உயர்த்தப்பட்டது. வரம்பு உயர்ந்ததால் செருப்புக்கு வழி பிறந்துவிடவில்லை.

இவ்வாறு வகுத்தவர்கள் காரணமின்றி வகுக்கவில்லை என்பதையும் கூறவேண்டும். அறுவை சிகிச்சை கண்ணுக்குத் தெரிவது. முன் அனுமதியும் நிழற்படமும் கொண்டு அதைச் சரிபார்க்கலாம். புறநோயாளிக் கட்டணமோ சிறுசிறு பில்களாக லட்சக்கணக்கில் வரும். பொய்க் கோரிக்கைகளுக்கும் இடமளிக்கும். மேலும், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில், இவ்வாண்டு தடுப்புக்குச் செலவிடும் நிறுவனம் அதன் பயனைப் பெறும் என்பதற்கு உறுதியில்லை. வணிக நிறுவனத்திற்கு இவ்வாதம் பொருந்தும். ஆனால் அரசின் அறக்கட்டளையே நேரடியாகப் பணம் செலுத்தும் இடங்களில் இது பொருந்துமா? தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தின் பணமும், கால் நீக்கத்திற்கான தொகுப்புக் கட்டணமும் இறுதியில் பொது நிதியிலிருந்தே வருகின்றன. வேறு வேறு கணக்குத் தலைப்புகளில் வருவதால், ஒன்றில் செய்யும் சிக்கனம் மற்றொன்றில் செலவாக முளைப்பதை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

அமெரிக்க அனுபவம் இங்குப் பயன்படும். அங்கு பாத மருத்துவம் தனித் தொழில். முதியோர் காப்பீடான மெடிகேரில் 1967-ஆம் ஆண்டுத் திருத்தம், பாத மருத்துவர்களை மருத்துவர் என்ற வரையறைக்குள் கொணர்ந்தது. அதே திருத்தம் வழக்கமான பாதப் பராமரிப்பைக் காப்பிலிருந்து விலக்கவும் செய்தது. நீரிழிவு போன்ற நோயுள்ளோருக்கு விலக்குத் தளர்த்தப்பட்டது. நீரிழிவு நோயாளிகளுக்கான சிறப்புக் காலணி 1993-இல் காப்பில் சேர்ந்தது. ஏழைகளுக்கான மெடிக்கெயிடில் பாத மருத்துவம் மாநிலங்களின் விருப்பத்திற்கு விடப்பட்டது. அரிசோனா மாநிலம் சிக்கனம் கருதி 2010-இல் அதை நீக்கியது. பாதத் தொற்றுடன் மருத்துவமனையில் சேர்ந்த நீரிழிவு நோயாளிகளின் எண்ணிக்கையும், அவர்கள் தங்கிய நாட்களும் பின்னர் உயர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர். 2016-இல் அச்சேவை மீட்கப்பட்டது.

நம் நாட்டில் எல்லாப் புறநோயாளிச் செலவையும் காப்பீட்டில் சேர்ப்பது இன்றைய நிதிநிலையில் இயலாது. ஆனால் பாத உணர்வு இழந்தோர், முன்பு புண் ஏற்பட்டோர் ஆகியோரை மட்டும் பதிவுசெய்து, தலைக்கு ஆண்டுக்கு ஒரு நிலையான தொகையைச் சிகிச்சை நிலையத்திற்கு வழங்கலாம். அதில் குறிப்பிட்ட முறை பரிசோதனையும் காலணியும் அடங்கும். ஒவ்வொரு வருகைக்கும் பில் தேவையில்லை. பதிவு மெய்யானதா என்பதை நைலான் இழையைக் கொண்டு எந்தத் தணிக்கை அலுவலரும் ஒரு நிமிடத்தில் அறியலாம். தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டம் புறநோயாளி சிகிச்சையையும் ஏற்பதால், நாச்சாரத்தில் உள்ளது போன்ற அதன் மருத்துவமனைகளில் இதைத் தொடங்கிப் பார்ப்பது எளிது என்பது என் கருத்து.

எஞ்சியுள்ள கேள்வி, இச்சேவையை அளிப்பவர் யார் என்பது. 2021-ஆம் ஆண்டின் தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரப் பணியாளர் ஆணையச் சட்டம், தன் அட்டவணையில் பாத மருத்துவப் பணியாளரையும் சேர்த்துள்ளது. மாநில மன்றங்கள் அவர்களுக்கான பாடத்திட்டத்தையும் பதிவேட்டையும் நடைமுறைக்குக் கொணர்ந்தால்தான், அவர்கள் கையொப்பமிடும் சான்றைக் கொண்டு காப்பீட்டு அலுவலகம் பணம் வழங்க இயலும்.